அர்ஜபெர்த் கோட்டையின் பலிபீடம்

எங்கள் ஆர்மீனியா சின்ன நாடு. காலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால், அது செரிப்பதற்குள் ஏதாவது ஓர் எல்லையில் போய் முட்டிக்கொள்வோம். ஆனால் இடிபாடுகளுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஆட்டுப்பட்டிக்குக் கால் நட்டால் கீழே ஓர் அரசன் படுத்திருப்பான். உருளைக்கிழங்குக்கு மண்ணைக் கொத்தினால் அவன் மனைவி.

நான் லோரிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் குளோரின் அளவு பார்ப்பது என் வேலை. பெயர் நெக்டார். எங்கள் குழாய்ப்பிரிவு மேஸ்திரி ஷவார்ஷ் அண்ணன், தெருவைத் தோண்டும்போது பழைய பானை ஓடு வந்தால், முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். யாரும் இல்லையென்றால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். "ஆராய்ச்சிக்காரன் வந்து உக்காந்தான்னா ரெண்டு வருஷத்துக்கு இந்தத் தெருவுக்குத் தண்ணி கிடையாது" என்பார். அதுதான் எங்கள் அலுவலகத்துக்கும் வரலாற்றுக்கும் இருந்த உறவு.

போன வருஷம் அக்டோபரில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மரபை அறிவோம்' என்று தலைப்பு. அரசு ஊழியர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஏழு புராதன இடங்களைப் பார்த்து மெய்சிலிர்க்க வேண்டும். சிலிர்த்ததற்கு அத்தாட்சியாக, ஒவ்வோர் இடத்திலும் பதாகை பிடித்துப் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். பதாகையையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். அதில் 'மரபை' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை பதினெட்டுப் பேர் பஸ் ஏறினோம். அலுவலகச் சமையற்காரி வார்துஷ் அக்கா மூன்று கூடை நிறைய தோல்மாவும், ரொட்டியும், பாலாடைக்கட்டியும் ஏற்றினாள். திராட்சை இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஷவார்ஷ் அண்ணன் தன் இரும்புக் கம்பியோடு வந்தார். ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்குள் எங்கே குழாய் கசிகிறது என்று கேட்கிற கம்பி அது. கல்யாண வீட்டுக்குக்கூட அதில்லாமல் போகமாட்டார்.

வழிகாட்டியாக வந்தவன் பெயர் வ்ரெஜ். முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, காது பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி. தலைநகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வாரக்கடைசியில் இந்த மாதிரி எங்களைப் போன்ற கூட்டத்தை மேய்ப்பான்.

முதல் இடம் ஒரு மலைக்கோயில். அதன் பக்கத்தில் சுவரிலிருந்து ஓர் ஊற்று கசியும். இளவரசியின் கண்ணீர் என்று பெயர். காதலனைக் கொன்றுவிட்டார்கள் என்று இளவரசி அழுதாளாம், அந்தக் கண்ணீர் இன்னும் நிற்கவில்லையாம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. எல்லோரும் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றோம்.

வ்ரெஜ் தொண்டையைச் செருமினான். "இந்தக் கதைக்கு எந்த ஆதாரமும் இல்ல. முதல் முதலா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி நாலுல ஒரு சுவர்க் காலண்டர்ல அச்சாச்சு. அதுக்கு முன்னால இப்படி ஓர் இளவரசியே இல்ல."

வார்துஷ் அக்காவின் பாட்டில் பாதியிலேயே நின்றது. "என்ன தம்பி இப்படிச் சொல்லிட்ட? எங்க அம்மா சொல்லியிருக்காளே!"

"உங்க அம்மா வீட்டுல காலண்டர் இருந்துச்சா அக்கா?"

ஷவார்ஷ் அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "தம்பி சொல்றது சரிதான். கண்ணீரா இருந்தா உப்புக் கரிக்கணும். இது நல்ல தண்ணி. நெக்டார், நீ என்ன சொல்ற?"

"சுண்ணாம்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

இரண்டாவது இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவைக்கல். முதுகைச் சாய்த்து நின்றால் முதுகுவலி போகும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. வார்துஷ் அக்கா ஓடிப்போய்ச் சாய்ந்தாள். அவள் தோளுக்கு மேலே இருந்த பழைய எழுத்தை வ்ரெஜ் நிதானமாக வாசித்தான்: "கிரிகோராகிய நான் இந்தக் கல்லை நட்டேன். என் ஆலைக்கு வரும் வாய்க்காலை இரவில் திருப்பிவிடுகிற பக்கத்து வீட்டுக்காரன் வயிறு வீங்கிச் சாவானாக."

பதினெட்டுப் பேரும் கைதட்டினோம். முதல்முறையாக எங்கள் துறையைப் பற்றி ஒரு கல்வெட்டு! வார்துஷ் அக்கா மட்டும் முதுகை எடுத்துக்கொண்டு, "சாபம் போட்ட கல்லுலயா சாஞ்சேன்?" என்று பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வழியில் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு தோல்மா கொடுத்தாள். வ்ரெஜ் இருக்கையைத் தாண்டிப் போனாள்.

"அக்கா, தம்பிக்கு?" என்றேன்.

"அவனுக்கு வேண்டாம். குடுத்தா, இது தோல்மாதாங்கறதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேப்பான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. வ்ரெஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

மூன்றாவது இடம் அர்ஜபெர்த். கரடிக்கோட்டை என்று அர்த்தம். கட்டி எண்ணூறு வருஷம் ஆகிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில், மூன்று பக்கம் செங்குத்துப் பாறை. நாலாவது பக்கம்தான் பாதை. வாசலில் மூகுச் என்ற காவலாளி மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார். அறுபது வயசு, பெரிய மீசை. மூன்று மணிநேரப் பயணத்துக்குப் பிறகு பெண்கள் எல்லோருக்கும் வேறு கவலை.

"அண்ணே, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று வார்துஷ் அக்கா கேட்டாள்.

"இங்க ஏதும்மா அதெல்லாம்? இது பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு கடப்பாரை உள்ள இறங்கக் கூடாது. போன தடவை ஒரு பள்ளம் தோண்டினதுக்கே விசாரணை வந்துச்சு. அதோ அந்தப் பாறைக்குப் பின்னால போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, ஜாக்கிரதை."

நாங்கள் அவமானத்தோடு போய்விட்டு வந்தோம்.

திரும்பி வந்தபோது வ்ரெஜ் வேறு ஆளாக நின்றான். முகத்தில் வெளிச்சம் இருந்தது. "வாங்க, வாங்க" என்று கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனான். கூரை போன ஒரு குறுகலான அறை. உள்ளே சுவரை ஒட்டி நீளமாக ஒரு கல்மேடை. அதில் சாவித்துவாரம் போல மூன்று துளைகள், வரிசையாக. மேடை முழுக்க மெழுகு உருகிக் காய்ந்திருந்தது. வெளியே முள்செடியில் வேண்டுதல் துணிகள்.

"இதுதான்" என்றான். "சிலுவை இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முந்தின பலிபீடம். கோட்டை கட்டினவங்க இதை இடிக்கப் பயந்து உள்ளேயே வெச்சுக் கட்டியிருக்காங்க. மூணு துளை, மூணு தெய்வம். பலியோட ரத்தம் இது வழியா பூமிக்குள்ள இறங்கும். எங்க நிலையத்துப் பெரியவர் முப்பது வருஷத்துக்கு முன்னால கண்டுபிடிச்சார். நான் எட்டு வருஷம் இதைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணினேன். எங்க ஆட்டை நிறுத்தினாங்க, எங்க பூசாரி நின்னான், எல்லாம் எழுதியிருக்கேன்."

காலையிலிருந்து ஒவ்வொன்றையும் பொய் பொய் என்று சொன்னவன், ஒன்றை நிஜம் என்று சொன்னதும் எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. மேலிடத்து உத்தரவு ஒருவழியாக நிறைவேறியது. வார்துஷ் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றினாள். மண்டியிட்டு நடுத்துளையின் விளிம்பில் முத்தமிட்டாள்.

ஷவார்ஷ் அண்ணன் மட்டும் சிலிர்க்கவில்லை. குனிந்து மேடையைப் பார்த்தார். கையால் உயரத்தை அளந்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, மேடைக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காதே."

"கேளுங்கண்ணே."

"ஆட்டை வெட்டுற மேடைன்னா இடுப்பு உயரம் இருக்கணும். இது ஏன் முழங்கால் உயரத்துல இருக்கு?"

"பூசாரி மண்டியிட்டிருப்பான்."

"சரி. மூணு பூசாரியும் பக்கத்துல பக்கத்துலயா? தோள் இடிக்குமே?"

"அது... சடங்கு."

"அப்புறம், இங்க சுவத்துல ஒரு ஓட்டை வருது பாரு. மேல மழைத்தண்ணித் தொட்டி இருக்கு, வர்ற வழியில பாத்தேன். தொட்டியிலேருந்து இங்க சுடுமண் குழாய் பதிச்சிருக்கான். ரத்தத்துக்கு எதுக்குத் தம்பி குழாய்த் தண்ணி?"

வ்ரெஜ் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தான். பின்னாலிருந்து எங்கள் மீட்டர் ஆள் ஒருவன், "ஆதாரம் இருக்கா?" என்று கத்தினான். காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தான் போலிருக்கிறது.

"இருக்கு" என்றார் ஷவார்ஷ் அண்ணன். "பஸ்ஸுலேருந்து தண்ணி கேனைக் கொண்டு வாங்க."

இருபது லிட்டர் கேன் வந்தது. அதைச் சுவர் ஓட்டையில் கவிழ்த்தோம். அண்ணன் கம்பியைத் தரையில் ஊன்றிக் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "போகுது... போகுது..." என்றபடி இரண்டிரண்டு அடியாகக் கம்பியை நகர்த்தி அறையைவிட்டு வெளியே போனார். நாங்கள் பதினேழு பேரும் மூச்சுவிடாமல் பின்னால் போனோம். மூகுச்சும் வந்தார். மதில் ஓரத்தில் அண்ணன் நின்றார். எட்டிப் பார்த்தோம். மதிலின் வெளிப்பக்கம், பள்ளத்தாக்குக்கு மேலே, ஒரு கல் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முதலில் ஒரு காய்ந்த இலை வந்தது. பிறகு எங்கள் இருபது லிட்டரும் சலசலவென்று கொட்டியது.

"நூத்துக்கு ரெண்டு சரிவு" என்றார் ஷவார்ஷ் அண்ணன், தொப்பியைக் கழற்றி. "இன்னிக்கும் இப்படித்தான் போடுவோம். கட்டினவன் கெட்டிக்காரன். எண்ணூறு வருஷம் அடைச்சுக்காம இருக்கு பாரு. தம்பி, இது பலிபீடம் இல்ல. மூணு பேர் ஒரே நேரத்துல உக்கார்ற கக்கூஸ்."

வார்துஷ் அக்காவின் அலறல் கேட்டது. "நான் முத்தம் குடுத்தேனேடா!" முந்தானை இல்லாத குறைக்குக் கழுத்துத் துணியால் உதட்டைத் தேய்தேய் என்று தேய்த்தாள். "எண்ணூறு வருஷம் ஆச்சுக்கா, எல்லாம் காஞ்சிருக்கும்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

மூகுச் மீசையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முழுசாக் காஞ்சிருக்கும்னு சொல்ல முடியாதும்மா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"என்னைய ஏன் முறைக்கிறீங்க? ஜனவரி மாசம் இங்க இடுப்பளவு பனி. பாறைக்குப் பின்னால போனா ஆள் திரும்பி வரமாட்டான். நான் எங்க போவேன்? எனக்கு முன்னாடி இருந்த காவக்காரனும் இங்கதான். எங்களுக்கு எப்பவோ தெரியும். படிச்சவங்க வந்து பலிபீடம்னாங்க. நாம என்னத்தச் சொல்றது? சீசன் வர்றதுக்கு முன்னால நல்லாக் கழுவிடுவேன், சத்தியமா."

அதற்குப் பிறகு வார்துஷ் அக்காவை அடக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மூகுச் மெழுகுவர்த்திப் பெட்டியோடு ஓடிப்போய் வாசலில் இருந்த தன் காவல் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

அந்தச் சந்தடியில் வ்ரெஜை மறந்துவிட்டோம். நான்தான் தேடிப் போனேன். மேடைமேல் உட்கார்ந்திருந்தான், சரியாக நடுத்துளையின்மேல். அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

"எட்டு வருஷம் அக்கா" என்றான். "ஆடு எந்தப் பக்கம் தலை வெச்சிருக்கும்னு மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

வார்துஷ் அக்கா உள்ளே வந்தாள். இன்னும் உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். தட்டில் ஆறு தோல்மா வைத்து அவன் மடியில் வைத்தாள். "இங்க உக்காந்து சாப்பிடாதே, வெளியில வா. ஆராய்ச்சி ஓடியா போகுது?"

வெளியே வந்து சாப்பிட்டான். ஷவார்ஷ் அண்ணன் அவனுக்கு ஒரு வாய் முசுக்கட்டைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"அண்ணே, அந்தக் குழாய் போற பாதையை வரைஞ்சு குடுப்பீங்களா?"

"விடு தம்பி. எங்க தொழில்ல ஒரு விதி உண்டு. நாத்தம் வரலேன்னா தோண்டாதே. நாங்க யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. நீ உன் பீடத்தோட சந்தோஷமா இரு."

"காலையிலேருந்து எல்லார்கிட்டயும் ஆதாரம் கேட்டேன். என் விஷயத்துல மட்டும் வேண்டாம்னா எப்படிண்ணே?"

அண்ணன் பென்சிலை வாங்கிக்கொண்டார். இருவரும் பொழுது சாயும்வரை மண்ணில் ஊர்ந்து அளந்தார்கள். மீதி நாலு இடத்துக்குப் போக நேரமில்லை. அதனால் பதாகையை அர்ஜபெர்த்தின் நாலு மூலையிலும் பிடித்து நாலு படம் எடுத்தோம். கிழக்கு மூலையில் ஏற்கெனவே ஒரு படம் எடுத்திருந்ததால், கடைசிப் படத்தில் ஆட்களை மட்டும் இடம் மாற்றி நிறுத்தினோம். அடுத்த மாதம், ஏழு இடங்களையும் உணர்வுபூர்வமாகக் கண்டதற்காக எங்கள் அலுவலகத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. சுவரில் மாட்டியிருக்கிறோம்.

வ்ரெஜ் குளிர்காலத்தில் கட்டுரை எழுதினான். ஆசிரியர்கள் என்று தன் பெயருக்குப் பக்கத்தில் ஷவார்ஷ் அண்ணன் பெயரையும் போட்டான். நிலையத்துப் பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இந்த ஷவார்ஷ் என்பவர் எந்தப் பல்கலைக்கழகம்?"

"முப்பத்தோரு வருஷம் சாக்கடையில இருந்திருக்கார் ஐயா" என்று வ்ரெஜ் சொன்னான். மறுநாளே அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நிலவறையில் உட்கார்ந்து பானை ஓடுகளுக்கு நம்பர் போடுகிற வேலை. கட்டுரையை இங்கே யாரும் வெளியிடவில்லை. அவன் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினான்.

வசந்தம் பிறந்ததும் டென்மார்க்கிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். உலகம் முழுக்கப் பழைய சாக்கடைகளைப் பார்ப்பதே அவர்களுக்கு வேலையாம். மூன்று நாள் கோட்டையில் தங்கி அளந்தார்கள். ஊருக்குப் போய், இவ்வளவு அருமையாகப் பிழைத்திருக்கும் கழிப்பறையை நாங்கள் பார்த்ததே இல்லை என்று எழுதினார்கள்.

அவ்வளவுதான். நாடே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. 'ஐரோப்பா வியக்கிறது' என்று தொலைக்காட்சியில் மூன்று நாள் ஓடியது. பக்கத்து நாட்டுக்காரன் புதர் தேடிக்கொண்டிருந்த காலத்தில் நம் முன்னோர் அமர்ந்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள் என்று ஒருவர் கண்ணீர் மல்கப் பேசினார். பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். ஜூன் மாதம் அர்ஜபெர்த்தில் விழா. எங்களுக்கும் அழைப்பு வந்தது. ஷவார்ஷ் அண்ணன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மூச்சுத் திணறினார்.

புதிய பலகையைத் திறந்தார்கள். 'உலகின் முதல் நீரோட்டக் கழிப்பறை' என்று பொன்னெழுத்து. நிலையத்துப் பெரியவர்தான் விழாக்குழுத் தலைவர். "இது பலிபீடமாக இருக்க முடியாது என்று முப்பது வருஷமாகவே எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துவந்தது" என்று தொடங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு பெருந்தன்மையோடு, "என் மாணவன் இரண்டு வார்த்தை பேசுவான்" என்று வ்ரெஜை மேடைக்கு அழைத்தார்.

வ்ரெஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். என் பக்கத்தில் வார்துஷ் அக்கா கண்ணை மூடி, "வேண்டாம்டா, வேண்டாம்டா, நன்றின்னு மட்டும் சொல்லிட்டு இறங்குடா" என்று முணுமுணுத்தாள்.

"எல்லாருக்கும் நன்றி" என்றான் வ்ரெஜ். அக்கா மூச்சுவிட்டாள். "ஆனா பலகையில ஒரு தப்பு இருக்கு. இது உலகத்துல முதல் இல்ல. ரோமாபுரியில இதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே இருந்துச்சு. முதல்னு சொல்றதுக்கு ஆதா..."

ஒலிபெருக்கி செத்தது. அடுத்த நொடி நாகசுரம் மாதிரி ஸுர்னாவும் மேளமும் முழங்க, சிவப்பு உடுப்புப் பெண்கள் மேடையில் குதித்து ஆட ஆரம்பித்தார்கள். வ்ரெஜ் அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு சுற்று அவர்களோடேயே சுற்றித்தான் இறங்க முடிந்தது.

"ஒரே ஒரு நாள் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னடா?" என்று வார்துஷ் அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "மேல வந்திருப்பியே!"

"முதல் இல்லையேக்கா."

"எவனுக்குடா வேணும் அது?" என்று திட்டிவிட்டுத் திரும்பியவள், பக்கத்தில் பலகையை வியந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது: "நம்பாதீங்கம்மா. ரோமாபுரியில முன்னாலேயே கட்டிட்டாங்களாம். எங்க தம்பி எல்லாம் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவான்."

வ்ரெஜ் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறான். சம்பளம் கூடவில்லை. ஆனால் அங்கே யாரும் தொந்தரவு செய்வதில்லை என்கிறான். போன வாரம் மதிய உணவு நேரத்தில் ஷவார்ஷ் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். அறுபது வருஷமாக யாரும் திறக்காத பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறதாம். உள்ளே பச்சை பிடித்த ஒரு செப்பு வளையம், மேலே சீட்டு: 'அரச கிரீடத்தின் பகுதி'. படம் அனுப்பியிருந்தான்.

அண்ணன் சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் காது இருக்கு பாரு. காதுல திருகாணி ஓட்டை. அரசன் தலையில திருகாணி போட்டா கிரீடத்தை மாட்டினாங்க?"

"குழாயை இறுக்குற பட்டைன்னா சொல்லப் போறீங்க?"

"படத்தைப் பாத்துச் சொல்லக் கூடாது. கையில எடுத்துப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுத ஒரு தாள் கேட்டார்.